கூப்பிட்டது ஒருவரை, வந்தது வேறொருவர்: ஆர் மொழியில் பெயர் மோதலைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

தக்காளி விலை மூன்று நாளைக்கு 10, 12, 15. தினமும் எவ்வளவு ஏறியது என்று பார்க்க ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஒரே வரி போதும்:

விலை - லேக்(விலை)

முதல் நாளுக்கு முந்தைய நாள் இல்லை, அதனால் அங்கே வெற்றிடம். அப்புறம் 2, அப்புறம் 3. அப்படித்தான் வர வேண்டும். எனக்கு வந்தது 0, 0, 0. அதற்குக் கீழே 'டிஎஸ்பி' என்று ஒரு பண்பும், 0 2 1 என்று மூன்று எண்களும். பிழைச் செய்தி இல்லை. எச்சரிக்கையும் இல்லை.

அதே வரி முந்தைய வாரம் வரை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அரை நாள் முழுக்கத் தரவைத்தான் சந்தேகப்பட்டேன். எக்செல் கோப்பை மறுபடி இறக்கினேன், நெடுவரிசை எண்ணாக இருக்கிறதா என்று பார்த்தேன், கணக்கைக் கையால் போட்டேன். கடைசியில் காரணம் கோப்பின் தலையில் இருந்தது. 'தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்குகிறேன்' என்று சுத்தம் செய்தபோது டிப்ளையர் என்ற பேக்கேஜை (தரவு அட்டவணைகளைக் கையாளும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஏற்றும் வரியையும் சேர்த்து நீக்கியிருந்தேன். டிப்ளையரின் லேக் போய்விட்டது. ஆனால் லேக் என்ற பெயர் போகவில்லை, ஏனென்றால் ஆருடன் கூடவே வரும் ஸ்டாட்ஸ் பேக்கேஜிலும் ஒரு லேக் இருக்கிறது. டிப்ளையரின் லேக் மதிப்புகளை ஓர் இடம் நகர்த்தும். ஸ்டாட்ஸின் லேக் மதிப்புகளைத் தொடாது, காலக் குறிப்பை மட்டும் நகர்த்தும். மதிப்புகள் அப்படியே இருப்பதால் கழித்தால் பூஜ்யம். அந்த 0 2 1 என்பது நகர்த்தப்பட்ட காலக் குறிப்பு: தொடக்கம் 0, முடிவு 2, ஒரு கால அலகுக்கு 1 மதிப்பு.

இது ஆள் மாறாட்டம். கூப்பிட்ட பெயருக்கு வேறொருவர் எழுந்து வந்து, அவருக்குத் தெரிந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் எம். குமார், எஸ். குமார் என்று இனிஷியல் வைத்துக் கூப்பிடுவோமே, அந்த இனிஷியல்தான் நேம்ஸ்பேஸ். அதைச் சொல்லாமல் கூப்பிட்டால் யார் வருவார் என்பது யார் கடைசியாக வகுப்புக்குள் நுழைந்தார் என்பதைப் பொறுத்தது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கன்சோலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்றைப் பாருங்கள்

ஒன்று, சந்தேகப்படும் ஃபங்ஷனின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அதன் உடல் முழுவதும் திரையில் வரும். கடைசி வரியில் 'என்விரான்மென்ட்: நேம்ஸ்பேஸ்:ஸ்டாட்ஸ்' என்பது மாதிரி இருக்கும். வந்தவர் எந்த வீட்டுக்காரர் என்பது அந்த வரியில் தெரியும். அப்படி ஒரு வரியே இல்லை என்றால், பெரும்பாலும் அது எந்தப் பேக்கேஜிலிருந்தும் வந்தது இல்லை. நீங்களோ உங்களுக்கு முன்னால் யாரோ அந்தப் பெயரில் எழுதி வைத்தது.

இரண்டு, ஃபைண்ட்("லேக்") என்று கேளுங்கள். அந்தப் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் வரும். முதலில் இருப்பதுதான் இப்போது செல்லுபடியாகும்.

மூன்று, கான்ஃப்ளிக்ட்ஸ்(டீடெயில் = ட்ரூ). மோதும் பெயர்கள் எல்லாம் பேக்கேஜ் வாரியாக வரும். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதில் பெரும்பாலானவை தொந்தரவில்லாதவை.

ஆர் ஒரு பெயரைத் தேடும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் உங்கள் பணிவெளி, அதாவது குளோபல் என்விரான்மென்ட். அப்புறம் லைப்ரரி என்று சொல்லி ஏற்றிய பேக்கேஜ்கள், கடைசியாக ஏற்றியது முதலில். எல்லாவற்றுக்கும் கடைசியில் பேஸ், அதாவது ஆரின் அடிப்படைப் பேக்கேஜ். சர்ச்() என்று அடித்தால் இந்த வரிசை அப்படியே தெரியும். லைப்ரரி வரிகளை மேலும் கீழும் மாற்றினால் விடை மாறுவது இதனால்தான்.

'ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை' என்று நெடுவரிசையின் பெயரைச் சொல்கிறது

ஃபில்டர்(தரவு, விலை > 40) என்று எழுதியிருப்பீர்கள். விலை என்ற நெடுவரிசை தரவுக்குள் கண்ணெதிரே இருக்கும். ஆனாலும் விலையைக் காணோம் என்கிறது. டிப்ளையர் ஏறவில்லை, ஸ்டாட்ஸின் ஃபில்டர் வந்துவிட்டது. அது காலத்தொடருக்கான வடிகட்டி. வரிசைகளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, தரவுக்குள் எட்டிப் பார்த்து நெடுவரிசையைத் தேடவும் தெரியாது. விலை என்று தனியாக ஒரு மாறி இருக்கிறதா என்று வெளியே தேடிவிட்டு இல்லை என்று சொல்கிறது.

டிப்ளையர்::ஃபில்டர் என்று முழுப் பெயரோடு எழுதினால் தீர்ந்தது. இரட்டை முக்காற்புள்ளிதான் இனிஷியல்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளியே இருக்கும் ஃபங்ஷனுக்கு மட்டும் இனிஷியல் வைத்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதை மறந்துவிடுவோம். டிப்ளையர்::மியூட்டேட் என்று எழுதி, அதற்குள் வெறும் லேக் என்று விட்டால், உள்ளே இருக்கும் லேக் பழைய தேடல் வரிசைப்படிதான் தேடப்படும். வெளியே வைத்த இனிஷியல் உள்ளே செல்லாது.

'பயன்படாத ஆர்கியுமென்ட்' என்கிறது

செலக்ட்(தரவு, விலை) என்பதில் இது வந்தால் பெரும்பாலும் மாஸ் பேக்கேஜ்தான் காரணம். அதிலும் ஒரு செலக்ட் உண்டு. ரிட்ஜ் ரிக்ரஷனுக்காக எழுதப்பட்டது, ஒரே ஒரு ஆர்கியுமென்ட் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் உள்ளீடு) மட்டும் வாங்கும். நீங்கள் இரண்டாவதைக் கொடுத்ததும் எனக்கு இது வேண்டாம் என்கிறது.

மாஸிலிருந்து உங்களுக்கு ஒன்றிரண்டு ஃபங்ஷன்தான் தேவைப்படும். அதற்காக முழுப் பேக்கேஜையும் ஏற்றாதீர்கள். மாஸ்:: என்று சொல்லி அந்த ஒன்றை மட்டும் கூப்பிடுங்கள். ஏற்றியே ஆக வேண்டும் என்றால், 2019இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பிலிருந்து லைப்ரரி(மாஸ், எக்ஸ்க்ளூட் = "செலக்ட்") என்று அந்தப் பெயரை மட்டும் வாசலில் நிறுத்தலாம். இன்க்ளூட்.ஒன்லி என்பது இதற்கு நேர் எதிர், சொன்ன பெயர்கள் மட்டும் உள்ளே வரும். நான் இரண்டாவதையே அதிகம் பயன்படுத்துகிறேன். கோப்பைத் திறந்ததும் எது எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குத் தெரிகிறது.

குழு வாரியாகக் கேட்டால் ஒரே ஒரு வரிசை வருகிறது

குரூப்_பை போட்டு, சம்மரைஸ் போட்டு, ஊர் வாரியாகச் சராசரி எதிர்பார்த்தீர்கள். எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே எண் வந்தது. டிப்ளையருக்குப் பிறகு பிளையர் ஏறியிருக்கிறது. பிளையர் பழையது, அதன் சம்மரைஸுக்கு டிப்ளையரின் குழுக்கள் தெரியாது. பிளையர் ஏறும்போதே 'என்னை முதலில் ஏற்று, அப்புறம் டிப்ளையரை ஏற்று' என்று சொல்லும். பத்துப் பேக்கேஜின் செய்திகளுக்கு நடுவில் அது கண்ணில் படாது.

லேக் பூஜ்யமும் இதுவும் ஒரே குடும்பம், விடை வருகிறது, ஆனால் தவறான விடை. நிறுத்திவிடும் பிழையைவிட இது மோசம், ஏனென்றால் அறிக்கை வரைக்கும் போய்விடும். இந்த வகைக்காகத்தான் கான்ஃப்ளிக்டட் என்ற பேக்கேஜை எல்லாத் திட்டத்திலும் முதல் வரியாக வைக்கச் சொல்கிறேன். அது இருந்தால், ஏற்றியிருக்கும் இரண்டு பேக்கேஜில் இருக்கும் பெயரை இனிஷியல் இல்லாமல் கூப்பிட்ட உடனே வேலையை நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்கும் (டிப்ளையர் ஏறவே இல்லாத என் லேக் கதையை மட்டும் இதனால் பிடிக்க முடியாது). கான்ஃப்ளிக்ட்ஸ்_ப்ரிஃபர்(டிப்ளையர்::சம்மரைஸ்) என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் கேட்காது.

'குளோஷர் வகை ஆப்ஜெக்ட்டிலிருந்து பகுதி எடுக்க முடியாது' என்கிறது

முதல் தடவை பார்ப்பவருக்கு ஒன்றுமே புரியாது. டிஎஃப் என்று தரவுக்குப் பெயர் வைப்பது ஆரில் பெரிய வழக்கம். ஆனால் டிஎஃப் என்ற பெயரில் ஸ்டாட்ஸில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, எஃப் பரவலின் அடர்த்தியைக் கணக்கிட. தரவை வாசிக்கும் வரியை ஓட்டாமல் அடுத்த வரியை ஓட்டினால், டிஎஃப் இல்லை என்று ஆர் சொல்லாது. அந்த ஃபங்ஷனைப் பிடித்து, அதற்குள் நெடுவரிசை தேடிவிட்டு, ஃபங்ஷனுக்குள் பகுதி எடுக்க முடியாது என்கிறது. குளோஷர் என்றால் ஃபங்ஷன், அவ்வளவுதான். டேட்டா என்ற பெயரிலும் இதே கதை. மேலே போய் வாசிக்கும் வரியை ஓட்டுங்கள். அப்படியே தரவுக்கு 'விலைகள்' என்பது போல ஒரு சொந்தப் பெயரும் வையுங்கள்.

என் கணினியில் மட்டும் ஓடவில்லை, பக்கத்து இருக்கையில் ஓடுகிறது

அடைப்புக்குறி இல்லாமல் பெயரை அடித்துப் பாருங்கள். நேம்ஸ்பேஸ் வரி வரவில்லையா? உங்கள் பணிவெளியில் அந்தப் பெயரில் பழைய ஃபங்ஷன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆரை மூடும்போது 'பணிவெளியைச் சேமிக்கவா' என்று கேட்டதற்கு என்றைக்கோ ஆமாம் சொல்லியிருப்பீர்கள். அது ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏறுகிறது, பணிவெளி தேடல் வரிசையில் முதலாவது என்பதால் எல்லாப் பேக்கேஜையும் மறைக்கிறது. ஆர்எம் கட்டளையால் அதை நீக்கிவிட்டு, ஆர்ஸ்டுடியோ அமைப்புகளில் பணிவெளியைத் திரும்ப ஏற்றுவதையும் சேமிப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

இதுவரை பார்த்தவை பேக்கேஜைப் பயன்படுத்துபவருக்கு. இனி வருபவை ஃபங்ஷனும் கிளாஸும் எழுதுபவருக்கு. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும்.

கிளாஸ் என்பது ஆப்ஜெக்ட்டின் வகை, மெத்தட் என்பது அந்த வகைக்குரிய வேலையைச் செய்யும் ஃபங்ஷன். ஜாவாவிலும் பைத்தானிலும் மெத்தட் கிளாஸுக்குள் குடியிருக்கிறது. ஆப்ஜெக்ட், ஒரு புள்ளி, மெத்தடின் பெயர். இரண்டு கிளாஸில் ஒரே பெயர் இருந்தாலும் அவை அவரவர் வீட்டுக்குள் இருப்பதால் சண்டை இல்லை. கிளாஸ் எழுத ஆரில் இருக்கும் எஸ்3, எஸ்4 என்ற முறைகளில் மெத்தட் ஃபங்ஷனைச் சேர்ந்தது. பிரிண்ட்(எக்ஸ்) என்று எழுதுகிறோம். பிரிண்ட் என்பது ஜெனரிக் ஃபங்ஷன், அதாவது அலுவலக வாசலில் உட்கார்ந்து, வருபவர் யார் என்று பார்த்து உரிய மேசைக்கு அனுப்புபவர் மாதிரி. அவர் தானாக எந்த வேலையும் செய்வதில்லை. எக்ஸின் கிளாஸைப் பார்த்து உரிய மெத்தடுக்கு அனுப்புகிறார். இதனால் ஒரு பெரிய வசதி: பழைய கிளாஸைத் தொடாமலே அதற்குப் புதிய வேலை கற்றுக்கொடுக்கலாம். கூடவே ஒரு சிக்கல்: ஜெனரிக்கின் பெயர் பொது முற்றத்தில் நிற்கிறது. ஃபில்டர், செலக்ட், ஃபிட், ஸ்கோர் மாதிரி எல்லாருக்கும் பிடித்த சிறிய வினைச்சொற்களுக்கு அங்கே தள்ளுமுள்ளு.

எழுதாத இடத்தில் உங்கள் ஃபங்ஷன் ஓடுகிறது

பிரிண்ட்.ரிப்போர்ட் என்று ஒரு ஃபங்ஷன் எழுதினீர்கள், அறிக்கையைத் தாளில் அச்சிட. கோப்பின் பெயரைக் கொடுத்தால் அச்சிடும். சில நாள் கழித்து வேறொரு இடத்தில் 'ரிப்போர்ட்' என்று ஒரு கிளாஸ் உருவாக்கினீர்கள். அந்த ஆப்ஜெக்ட்டின் பெயரைக் கன்சோலில் அடித்ததும் அச்சுப்பொறி ஓடத் தொடங்குகிறது, அல்லது கோப்பு இல்லை என்று பிழை வருகிறது.

எஸ்3 முறையில் மெத்தடை அடையாளம் காண்பது பெயரால். ஜெனரிக்கின் பெயர், ஒரு புள்ளி, கிளாஸின் பெயர். நீங்கள் சும்மா அழகுக்கு வைத்த புள்ளியை ஆர் முகவரியாகப் படித்துவிட்டது.

இதில் ஆரே வழுக்கி விழுந்திருக்கிறது. டி என்பது அணியைத் திருப்பிப் போடும் ஜெனரிக். டி.டெஸ்ட் என்பது புள்ளியியலில் எல்லாரும் பயன்படுத்தும் சோதனை, டிக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆனால் 'டெஸ்ட்' என்ற கிளாஸ் உள்ள ஆப்ஜெக்ட்டை டிக்குக் கொடுத்தால், 4.0.0க்கு முந்தைய பதிப்புகளில் திருப்பிப் போடுவதற்குப் பதிலாக டி-சோதனை நடக்கும். டி.டேட்டா.ஃப்ரேம் என்பதைப் பாருங்கள். டேட்டா.ஃப்ரேம் கிளாஸுக்கான டி மெத்தடா, ஃப்ரேம் கிளாஸுக்கான டி.டேட்டா மெத்தடா? முதலாவதுதான் சரி. ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சார்ட்.லிஸ்ட். பெயர்ப்படி பார்த்தால் லிஸ்ட் கிளாஸுக்கான சார்ட் மெத்தட். ஆனால் அது மெத்தடே இல்லை, வேறு வேலைக்கான ஒரு பழைய ஃபங்ஷன். அதனால் ஆரின் உள்ளே, மெத்தடைத் தேடும் சி மொழிக் கோடில், சார்ட்.லிஸ்டை மட்டும் தாண்டிப் போகும்படி தனியாக ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயர் தவறாக அமைந்ததற்காக மொழியின் அடித்தளத்திலேயே விதிவிலக்கு. பெயர் வைப்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

முன்னோர்கள் இப்படிப் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் அடிக்கோடு மதிப்பைக் கொடுக்கும் குறியாக இருந்தது, பெயருக்குள் வைக்க முடியாது. சொற்களைப் பிரிக்க அவர்களிடம் புள்ளி இருந்தது. 2004இல் வந்த 1.9.0 பதிப்பில்தான் பெயருக்குள் அடிக்கோடு அனுமதிக்கப்பட்டது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஃபங்ஷன் பெயரிலும் கிளாஸ் பெயரிலும் புள்ளியே வேண்டாம், அடிக்கோடு போதும். புள்ளி ஜெனரிக்கையும் கிளாஸையும் சேர்க்கும் இடத்தில் மட்டும் வரட்டும். பிரிண்ட்.ரிப்போர்ட் இருந்த இடத்தில் அச்சிடு_அறிக்கை என்ற வடிவில் ஒரு பெயர் இருந்திருந்தால் அச்சுப்பொறி ஓடியிருக்காது.

மெத்தட் எழுதும்போது ஓடியது, பேக்கேஜ் ஆக்கியதும் கண்டுகொள்ளவில்லை

பிரிண்ட்.தானியம் என்று எழுதினீர்கள், கன்சோலில் அழகாக அச்சாகிறது. பேக்கேஜாகக் கட்டி நிறுவினால், உங்கள் மெத்தடைத் தாண்டிப் பழைய மாதிரியே வெறும் பட்டியல் கொட்டுகிறது. மெத்தடைப் பதிவு செய்யவில்லை. பேக்கேஜின் நேம்ஸ்பேஸ் கோப்பில் எஸ்3மெத்தட்(பிரிண்ட், தானியம்) என்று ஒரு வரி வேண்டும். நேம்ஸ்பேஸ் கோப்பை எழுதித் தரும் ராக்ஸிஜென் என்ற கருவியைப் பயன்படுத்தினால், மெத்தடின் தலையில் எக்ஸ்போர்ட் குறிச்சொல் வைத்தாலே அந்த வரியை அதுவே எழுதும். ஜெனரிக்கின் பெயரில் ஏற்கெனவே புள்ளி இருந்தால், உதாரணமாக ஆல்.ஈக்வல், எது ஜெனரிக் எது கிளாஸ் என்று மெத்தட் குறிச்சொல்லால் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

பழைய பேக்கேஜ் ஒன்று ஆரைப் புதுப்பித்த பிறகு இப்படி ஆனாலும் காரணம் பக்கத்தில்தான் இருக்கும். 4.0.0 பதிப்பிலிருந்து, மெத்தடைத் தேடும்போது பணிவெளிக்கும் பேஸுக்கும் நடுவில் ஏறியிருக்கும் பேக்கேஜ்களில் ஆர் தேடுவதில்லை. பதிவு செய்யாமல் வெறும் ஃபங்ஷனாக ஏற்றுமதி செய்திருந்த மெத்தட்கள் அதுவரை தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தன, அன்றோடு நின்றன. டி.டெஸ்ட் பிரச்சினை அடங்கியதும் இதே மாற்றத்தால்தான்.

'பதிவான எஸ்3 மெத்தட் மேலெழுதப்பட்டது' என்று ஒரு செய்தி

குவான்ட்மாட் என்ற நிதித் தரவுப் பேக்கேஜ் ஏறும்போதோ, அதைச் சார்ந்த வேறு பேக்கேஜ் ஏறும்போதோ, ஆஸ்.ஜூ.டேட்டா.ஃப்ரேம் என்ற மெத்தட் ஜூ என்ற காலத்தொடர் பேக்கேஜிடமிருந்து குவான்ட்மாடுக்கு மாறியது என்று ஒரு சிறிய அட்டவணை வரும். நிதித் தரவில் வேலை செய்பவர்கள் இதைப் பல தடவை பார்த்திருப்பார்கள், பெரும்பாலானோர் கடந்து போயிருப்பார்கள். கொஞ்சம் நின்று படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எந்த மருந்தும் இதற்குக் கேட்காது.

ஃபங்ஷன் பெயர் மோதினால் இனிஷியல் காப்பாற்றும். மெத்தட் மோதினால் காப்பாற்றாது. எஸ்3 மெத்தட்களின் பதிவேடு ஜெனரிக்கின் வீட்டில் இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான். ஒரே ஜெனரிக்குக்கும் ஒரே கிளாஸுக்கும் இரண்டு பேக்கேஜ் மெத்தட் பதிந்தால், கடைசியாகப் பதிந்தது முன்னதை அழித்துவிட்டு உட்காரும். அந்தப் பேக்கேஜை நீங்கள் லைப்ரரி என்று சொல்லி ஏற்ற வேண்டும் என்றுகூட இல்லை. வேறொரு பேக்கேஜுக்குத் தேவைப்பட்டுப் பின்னணியில் ஏறினாலே போதும், உங்கள் ஆர் அமர்வு முழுவதுக்கும் மெத்தட் மாறிவிடும். லைப்ரரி வரிசையை மாற்றினாலும், முக்காற்புள்ளி வைத்தாலும் பயன் இல்லை.

எது இப்போது ஓடுகிறது என்று பார்க்க கெட்எனிவேர்("ஆஸ்.ஜூ.டேட்டா.ஃப்ரேம்") என்று கேளுங்கள். எத்தனை இடத்தில் இருக்கிறது, எது பதிவானது என்று காட்டும். ஸ்லூப் பேக்கேஜில் எஸ்3_டிஸ்பேட்ச் என்று ஒன்று உண்டு. எந்த மெத்தட்களை எந்த வரிசையில் தேடி எதைத் தேர்ந்தெடுத்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். எனக்கு அதுதான் கைவசம் எப்போதும்.

எழுதுபவருக்கு ஒரு விதி, இதை நான் மீறுவதில்லை: ஜெனரிக், கிளாஸ் இரண்டில் ஒன்றாவது உங்களுடையதாக இருக்க வேண்டும். பிறருடைய ஜெனரிக்குக்கு உங்கள் கிளாஸுக்கான மெத்தட், தாராளமாக எழுதலாம். உங்கள் ஜெனரிக்குக்குப் பிறருடைய கிளாஸுக்கான மெத்தட், அதுவும் சரி. பேஸின் பிரிண்டுக்கு டேட்டா.ஃப்ரேம் மெத்தட் எழுதினால் இரண்டுமே அடுத்தவர் சொத்து. உங்கள் பேக்கேஜ் ஏறிய நிமிடத்தில் அந்தக் கணினியில் ஓடும் மற்ற எல்லாருடைய வேலையும் மாறிவிடும். அது உங்களால் என்று அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கிளாஸ் உங்களுடையது என்றால் போதாது, பெயரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எஸ்3 கிளாஸ் என்பது வெறும் எழுத்துச்சரம். அதற்கு நேம்ஸ்பேஸ் கிடையாது, இனிஷியல் வைக்க வழியே இல்லை. 'மாடல்', 'ரிசல்ட்', 'டெஸ்ட்' என்று கிளாஸுக்குப் பெயர் வைத்தால் அதே பெயரை இன்னும் பலர் வைத்திருப்பார்கள். பேக்கேஜின் பெயரை முன்னால் சேர்த்து, விலைநிலவரம்_ரிசல்ட் என்று வைத்துவிடுங்கள். நீளம்தான். ஆனால் கிளாஸின் பெயரை யாரும் தினமும் நூறு தடவை அடிப்பதில்லை.

எஸ்4: 'இந்த வகைக்கு மெத்தட் கிடைக்கவில்லை'

செலக்ட்(தரவு, விலை) என்பதற்கே, டேட்டா.ஃப்ரேமுக்கு மெத்தட் இல்லை என்று வந்தால், அனோட்டேஷன்டிபிஐ மாதிரி உயிர்த்தகவலியல் பேக்கேஜ் ஒன்று டிப்ளையருக்குப் பிறகு ஏறியிருக்கும். அதன் செலக்ட் எஸ்4 ஜெனரிக். டிப்ளையர்::செலக்ட் என்று எழுதினால் போயிற்று.

எழுதுபவருக்கு இதே பிழை வேறு காரணத்தால் வரும். எஸ்4 முறையில் ஜெனரிக்கின் அடையாளம் பெயர் மட்டும் இல்லை, பெயரும் பேக்கேஜும் சேர்ந்தது. அதாவது இனிஷியலோடுதான் பதிவு. நல்ல ஏற்பாடு. ஆனால் செட்ஜெனரிக் எழுதும்போது வரும் செய்தியைப் படிக்க வேண்டும். செட்ஜெனரிக்("சம்மரி") என்று மட்டும் எழுதினால், பேஸில் இருக்கும் சம்மரியிலிருந்து ஜெனரிக் உருவாக்குகிறேன் என்று சொல்லும், அது நமக்கு வேண்டியது. கூடவே நீங்களாக ஒரு புதிய வரையறையும் கொடுத்தால், 'புதிய ஜெனரிக் உருவாக்குகிறேன்' என்று சொல்லும். 'புதிய' என்ற அந்த ஒரு சொல்தான் அபாய மணி. இப்போது இரண்டு சம்மரி. பிறர் பேஸின் சம்மரிக்கு எழுதிய மெத்தட்கள் ஒரு பக்கம், உங்கள் மெத்தட்கள் மறுபக்கம், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. பயனர் எதை ஏற்றினாரோ அந்தப் பக்கம் மட்டும் ஓடும்.

ஒரே பெயர் பல பேக்கேஜுக்கும் உண்மையிலேயே வேண்டும் என்றால், ஜெனரிக்கைப் பொது இடத்தில் வைத்துவிட்டு எல்லாரும் அங்கிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழி. உயிர்த்தகவலியல் பேக்கேஜ்களை நடத்தும் பயோகண்டக்டர் குழு பயோக்ஜெனரிக்ஸ் என்று அதற்காகவே ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறது. எஸ்3 பக்கத்தில் ஜெனரிக்ஸ் என்ற பேக்கேஜ் இருக்கிறது. டைடி, கிளான்ஸ், ஆக்மென்ட், ஃபிட் எல்லாம் அதில் உண்டு. மாதிரி பொருத்தும் பேக்கேஜ் எழுதப் போகிறீர்கள் என்றால், ஃபிட் என்று சொந்தமாக ஒரு ஜெனரிக் எழுதாதீர்கள். ஜெனரிக்ஸிலிருந்து இறக்குமதி செய்து, உங்கள் கிளாஸுக்கு மெத்தட் மட்டும் எழுதி, ஃபிட்டை மறு ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது ஐந்து பேக்கேஜ் ஃபிட்டை ஏற்றுமதி செய்தாலும் அது ஒரே ஃபிட், மோதல் இல்லை.

புதுப் பெயர் வைக்கும் முன்

எக்சிஸ்ட்ஸ்("பெயர்") என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கேள்விக்குறியும் பெயரும் அடித்தால் நிறுவிய பேக்கேஜ்களின் உதவிப் பக்கங்களில் தேடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஜெனரிக் இருந்து, அதன் பொருளும் உங்கள் பொருளும் ஒன்றாக இருந்தால், புதிதாக எழுத வேண்டாம், மெத்தட் எழுதுங்கள். முதல் ஆர்கியுமென்டின் பெயரையும் அங்கே இருப்பது போலவே வைக்க வேண்டும். பிரிண்ட் எக்ஸ் என்கிறது, சம்மரி ஆப்ஜெக்ட் என்கிறது. கடைசியில் மூன்று புள்ளியையும் விட்டுவிடாதீர்கள்.

பொருள் வேறு என்றால் பெயரும் வேறாக இருக்கட்டும். எழுத்துச்சரங்களுக்கான ஸ்ட்ரிங்ஆர் பேக்கேஜ் தன் ஃபங்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்டிஆர்_ என்று முன்னொட்டு வைத்தது, வகைப்பாட்டுத் தரவுக்கான ஃபார்கேட்ஸ் எஃப்சிடி_ என்று வைத்தது. இனிஷியலைப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் பயனர் முக்காற்புள்ளி வைக்க மறந்தாலும் ஆள் மாறுவதில்லை. ஆர்ஸ்டுடியோவில் முன்னொட்டை அடித்ததும் மொத்தக் குடும்பமும் பட்டியலாக வரும் வசதியும் கூடவே கிடைக்கிறது. ஆனால் ஜெனரிக்குக்கு முன்னொட்டு வைக்கத் தயங்குவேன். பிறரும் தங்கள் கிளாஸுக்கு மெத்தட் எழுத வேண்டிய பெயர் அது. அதில் உங்கள் வீட்டு இனிஷியல் ஒட்டியிருந்தால் அவர்களுக்கு எழுதத் தோன்றாது.

பேக்கேஜுக்குள் எழுதும் கோடில் லைப்ரரி வரியே கூடாது. தேவையானதை நேம்ஸ்பேஸ் கோப்பில் பெயர் சொல்லி இறக்குமதி செய்யுங்கள், அல்லது இடத்திலேயே முக்காற்புள்ளி வையுங்கள். பேக்கேஜுக்குள் ஒரு பெயரைத் தேடும்போது ஆர் முதலில் அதன் சொந்த நேம்ஸ்பேஸ், அப்புறம் இறக்குமதி செய்தவை, அப்புறம் பேஸ் என்று போகிறது. பயனரின் பணிவெளியும் அவர் ஏற்றியவையும் அதற்குப் பிறகுதான். அவர் எந்த வரிசையில் எதை ஏற்றியிருந்தாலும் உங்கள் லேக் உங்கள் லேக்காகவே இருக்கும்.

தக்காளிக் கோப்பை நான் சரிசெய்தது ஒரே வரியில். மேலே எந்த லைப்ரரி வரியையும் திரும்பச் சேர்க்கவில்லை. கணக்கு நடக்கும் இடத்தில் விலை - டிப்ளையர்::லேக்(விலை) என்று எழுதினேன். வெற்றிடம், 2, 3 என்று வந்தது.